வால் இல்லாத பத்தி

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு, பேஸ்மேக்கர் கிளினிக் சிஸ்டர் தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடியும் படியேறி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கையில் ஒரே ஒரு தாள்.

"பீரோ அண்ணன் எங்க?"

"லீவு," என்றாள் அகராதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கண் ஆபரேஷன். திங்கக்கிழமைதான் வருவார்."

"அவர் போட்ட லிஸ்ட் இருக்குல்ல, அது எனக்கு இப்பவே வேணும்மா. திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது."

குரலில் இருந்த ஏதோ ஒன்று அகராதியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சிஸ்டர் தாளை மேஜைமேல் வைத்தார். பேஸ்மேக்கர் செய்யும் கம்பெனியிலிருந்து வந்த கடிதம். நெஞ்சுக்குள் வைத்துத் தைக்கிற அந்தச் சின்னக் கருவியில், ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு வரிசையின் பேட்டரி முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகலாம் என்று எழுதியிருந்தது. போன மாதம் வந்த கடிதத்தில் "கவனிக்கவும்" என்று இருந்தது. இன்று காலை வந்ததில் "உடனே" என்று இருந்தது.

"காலையில ஒரு அம்மா பஸ் ஸ்டாப்ல மயங்கி விழுந்துட்டாங்க," என்றார் சிஸ்டர். "நல்லவேளை, ஆம்புலன்ஸ் பக்கத்துலயே இருந்துச்சு. பிழைச்சுட்டாங்க. அந்த வரிசையில இன்னும் இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. எல்லாம் மூடிட்ட பழைய கிளையில வச்சவங்க. யார், எங்க இருக்காங்க, என்ன நம்பர்னு பீரோ அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு சாயங்காலமே கூப்பிட்டு வரச்சொல்லணும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்."

இரண்டு மாடி கீழே ரெக்கார்டு ரூம் பீரோக்களைப் பார்த்துக்கொள்பவருக்கு பீரோ அண்ணன் என்று பெயர் வந்ததுபோல, அகராதி என்பதும் அவள் பெயரல்ல. அந்த மருத்துவமனைக்கு நான்கு கிளைகள். நான்கிலும் சேரும் தகவல்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே தரவுக் கிடங்கில் வந்து குவிந்தன. கிடங்குக்குள் ஆயிரக்கணக்கான அட்டவணைகள், ஒவ்வொரு அட்டவணையிலும் மேலிருந்து கீழாக ஓடும் பல பத்திகள். அவை ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்று தொண்ணூற்றிரண்டு விதிகள் எழுதி, அந்த விதிகளுக்குக் காவலும் இருந்தவள் அவள்தான். முகத்துக்கு நேரே "அகராதி அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "அகராதி புடிச்சவ" என்பார்கள். இரண்டும் அவள் காதுக்கு வந்து சேர்ந்ததுதான். வீட்டிலும் அப்படித்தான். சமையலறை டப்பாக்களுக்கு அவள் ஒட்டிய சீட்டைப் பார்த்து மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, சீனின்னு மட்டும் எழுதினா சீனி இனிக்காதா?"

ஆனால் அந்தக் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குழந்தையின் எடையை ஒரு கிளை கிலோவிலும் இன்னொரு கிளை பவுண்டிலும் எழுதி, இரண்டும் "எடை" என்ற ஒரே பெயரில் கிடங்குக்குள் வந்து, மருந்து அளவு இரட்டிப்பாகப் போக இருந்தது. கடைசி நொடியில் ஒரு நர்ஸ் கவனித்தார். அந்த நர்ஸுக்குக் கடவுள்தான் கண்ணைக் கொடுத்தார் என்று அகராதி இன்றும் நம்பினாள். அன்றிலிருந்து அவள் பிடித்த பிடி இது: அட்டவணைப் பெயரின் தலையைப் பார்த்தால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். பத்திப் பெயரின் வாலைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தேதியானால் "டேட்" என்று முடிய வேண்டும். எண்ணானால் "நம்பர்". பெயரானால் "நேம்". இப்படிப் பதினான்கு வால்கள். வால் இல்லாத பத்தி கிடங்குக்குள் வராது.

"அவரோட பேர்ல கிடங்குல எதுவுமே இல்லையே, சிஸ்டர்," என்றாள் தேடிப் பார்த்துவிட்டு.

பக்கத்து மேஜையில் இருந்தவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். கிடங்கின் தானியங்கி வேலைகளை நேரம் குறித்து ஓட்டுவது அவர் பொறுப்பு. அதனால் கடிகாரம் என்று பெயர். பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தே காலுக்கு வருவதாலும் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தும் என்பார்கள்.

"அக்கா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது டெம்ப்ல இருந்துச்சு."

"என்னது?"

"ஒரு மாசத்துக்கு முன்னாடி பீரோ அண்ணன் வந்து கேட்டார். பேருக்கு அனுமதி கிடைக்கிற வரைக்கும் லிஸ்ட்ட எங்க வைக்கிறதுன்னு. நாந்தான் டெம்ப்னு ஆரம்பிச்சு ஏதாவது பேர் போட்டு வைங்கண்ணே, அதுக்கு யார் அனுமதியும் வேணாம்னு சொன்னேன்."

அகராதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

டெம்ப் என்று தொடங்கும் அட்டவணைகள் தற்காலிகமானவை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டவர்கள் மறந்துபோவார்கள், குப்பை சேரும். மாதம் ஒருமுறை கூட்டினால் போதவில்லை என்று, ஏழு நாளுக்கு மேல் பழையதாகிவிட்ட டெம்ப் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் அள்ளிவிட அவள் ஒரு புதிய விதி எழுதினாள். அந்த நிரலுக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தவர் கடிகாரம். அறிவிப்புக் கடிதம் போன செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் போனது. பீரோ அண்ணன் திங்கட்கிழமையே லீவில் போய்விட்டார்.

துடைப்பம் முதல்முறையாக ஓடியது இன்று. பன்னிரண்டு மணிக்கு.

"பேக்கப்?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே.

"டெம்புக்கு பேக்கப் கிடையாது. விதி நாப்பத்தொண்ணு." யார் எழுதிய விதி என்று கடிகாரம் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல மனசு.

"அப்ப போச்சா?" சிஸ்டர் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர் ரிஜிஸ்டர்?"

"எல்லாம் ஏத்தி முடிச்சதும் கிழிச்சுட்டாங்க சிஸ்டர்," என்றார் கடிகாரம். "அதுவும் விதிதான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல, பென் டிரைவ்ல எல்லாம் நோயாளி விவரம் வைக்கக்கூடாது. பீரோ அண்ணன் அதையெல்லாம் மீறுற ஆள் இல்ல."

"போகல," என்றாள் அகராதி. "இன்னும் போகல. அள்ளினது ஆறு மணி நேரம் குப்பைத்தொட்டியில இருக்கும்."

மணி மூன்று இருபது. ஆறு மணிக்குத் தொட்டி காலியாகும். அதைக் காலி செய்வது வேறொரு ஊரில் இருக்கிற, வேறொரு கம்பெனி நடத்துகிற இயந்திரம். நிறுத்த வேண்டுமென்றால் ஒருநாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும். கடிகாரம் போன் போட்டுப் பார்த்தார். எதிர்முனையில் ஒரு மரியாதையான குரல், ஒருநாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும் என்றது.

தொட்டியிலிருந்து ஓர் அட்டவணையை மீட்க அதன் முழுப் பெயர் வேண்டும். மீட்க அரை மணி நேரம் ஆகும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மீட்க முடியும். மீட்கும்வரை உள்ளே இருக்கும் வரிகளைப் பார்க்க முடியாது. அட்டவணையின் பெயரும் பத்திகளின் பெயர்களும் மட்டும்தான் தெரியும். தொட்டிக்குள் இப்போது ஆயிரத்து நூற்று நாற்பது அட்டவணைகள் கிடந்தன. எல்லாமே பொதுக் கணக்கில் போடப்பட்டவை. யாருடையது எது என்பதற்குக் குறிப்பு இல்லை.

"அஞ்சு தடவை முயற்சி பண்ணலாம்," என்றார் கடிகாரம் விரல் விட்டு எண்ணி. "மிஞ்சிப்போனா அஞ்சு."

பீரோ அண்ணனின் போன் அணைந்திருந்தது.

முதலில் மீட்டது "டெம்ப் பேஸ்மேக்கர் லிஸ்ட்". அதைவிடத் தெளிவான பெயர் இருக்க முடியாது என்று மூவருக்கும் தோன்றியது. மூன்று ஐம்பதுக்கு அது திறந்தது. கொள்முதல் பிரிவின் விலைப்பட்டியல். இரண்டாவது, "டெம்ப் கருவி போன் நம்பர்". நான்கு இருபதுக்குத் திறந்தது. கருவி விற்கும் ஏஜென்டுகளின் போன் எண்கள். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனை என்று அகராதிக்குத் தெரிந்தது. அவளும் கண்ணை மூடி, கடவுளே, என் கண்டிப்புக்கு வேறு யாரோ விலை கொடுக்கும்படி ஆகிவிடக்கூடாது என்று ஒரு வரி வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது மீட்பு ஓடத் தொடங்கியபோது மேலாளர் உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"டெம்ப்ல யாராவது இவ்வளவு முக்கியமானத வைப்பாங்களா?" என்றார். "ரெக்கார்டு ரூம் ஆள் செஞ்ச தப்புன்னு எழுதிடலாமா? மேல கேக்குறாங்க. ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரி உண்மையாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. விதிப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தையும் விதி எண்ணையும் காட்டலாம்.

அவளுக்கு இப்போது நினைவு வந்துகொண்டிருந்தது. பீரோ அண்ணன் பெயர் கேட்டு மனுப் போட்டிருந்தார். திருப்பி அனுப்பினாள். மறுபடி போட்டார். மறுபடியும் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறையும். எதற்காக என்றுதான் நினைவில்லை. மாதத்துக்கு முந்நூறு மனுக்கள் வரும். பாதிக்கு மேல் திரும்பிப் போகும். நிராகரித்த மனுக்களை அவள் சேர்த்து வைப்பதில்லை. கிடங்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு முறையாவது எழுந்து, இரண்டு மாடி இறங்கி, "என்னண்ணே, என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"அவர் தப்பு இல்ல சார்," என்றாள். "மூணு தடவை மனுப் போட்டார். மூணு தடவையும் நாந்தான் திருப்பினேன். எழுதணும்னா அதையும் சேர்த்து எழுதுங்க."

மேலாளர் அவளைப் பார்த்தார். கடிகாரமும் பார்த்தார்.

"அவர் வீட்டம்மா நம்பர் எங்கிட்ட இருக்கு," என்றார் சிஸ்டர் திடீரென்று. "மருந்துச் சீட்டு வாங்க வருவாங்க."

மணி நான்கு முப்பத்தைந்து. மூன்று மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே போனவர் ஆறரைக்குத்தான் வெளியே வருவார் என்றது போனில் வந்த பெண் குரல். "போனெல்லாம் வாங்கி எங்கிட்ட குடுத்துட்டாங்க. நீங்க யாரு பேசுறது?"

அகராதி தன் பெயரைச் சொன்னாள். அது போதவில்லை. "பேர் வைக்கிற செக்‌ஷன்," என்றாள்.

"ஓ!" என்றது அந்தக் குரல். "அகராதியா?"

"ஆமா அண்ணி."

"அண்ணியா? சரிதான். ஒன்றரை மாசமா எங்க வீட்டுல உங்க பேச்சு இல்லாம சாப்பாடு எறங்கல. தெரியுமா?"

"திட்டினாரா?"

"திட்டினாத் தேவலையே! அவருக்குத் திட்டத் தெரியாது. 'அந்தம்மா சொல்றதும் சரிதான், சரிதான்'னு சொல்லிட்டு உக்காந்து உங்க புத்தகத்தப் படிப்பார். கண்ணுல புரை வச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு! ஒவ்வொரு பேரையும் உங்க விதிப்படி மாத்தினார். எனக்கே வால் மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

அகராதி சொன்னாள். சுருக்கிச் சொல்லவில்லை, தன் பங்கை மறைக்கவும் இல்லை.

"கடவுளே," என்றார் அந்த அம்மா. குரல் மாறியிருந்தது. "ஒவ்வொருத்தரா போன் பண்ணிப் பேசி எடுத்தார்ங்க அது. வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசுவார். என்ன பேர் போட்டு வச்சார்னு எனக்குத் தெரியாதே."

"ஏதாவது சொன்னாரா அண்ணி? எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

"எல்லாத்தையும் மாத்திட்டேன், ஒரே ஒரு கட்டம் மட்டும் மாத்த முடியலன்னார். அதுக்கு உங்ககிட்ட வால் இல்லையாம். எடுத்துடுங்கன்னு நீங்க எழுதினீங்களாம். 'அதை மட்டும் எடுக்க மாட்டேன், அது இல்லாம மத்ததெல்லாம் எதுக்கு'ன்னார். அவர் எதுக்குமே மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதில்லைங்க. அதனாலதான் ஞாபகம் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அவர் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ஆகாது," என்றாள் அகராதி. "ஆக விடமாட்டேன்."

போனை வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு உயிர். கண்ணில் புரையோடு பூதக்கண்ணாடி பிடித்து விதி படித்த ஒரு மனிதர். ஆனால் மனதில் ஓர் ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

டெம்ப் அட்டவணைகளில் யாரும் விதியைப் பார்ப்பதில்லை. அதற்குத்தானே டெம்ப். ஏ, பி, சி என்று பத்திக்குப் பெயர் வைப்பார்கள். "புதுசு", "புதுசு இரண்டு", "இதுதான் கடைசி" என்று வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் பத்து, இருபது விதிமீறல் இருக்கும். எல்லாப் பத்தியும் சரியாக இருந்து, ஒரே ஒரு பத்தி மட்டும் விதியை மீறியிருக்கும் அட்டவணை எத்தனை இருக்கப்போகிறது?

"சல்லடையை ஓட்டணும்," என்றாள்.

சல்லடை அவள் எழுதிய நிரல். பெயர்களைச் சலித்து, எந்தப் பத்தி எந்த விதியை மீறுகிறது என்று பட்டியல் போடும். அது கிடங்குக்குள்தான் ஓடும். தொட்டிக்குள் ஓடும்படி எழுதப்படவில்லை. குப்பையில் யார் வால் பார்க்கப்போகிறார்கள்? இப்போது அதைத் திருத்த வேண்டும்.

நான்கு நாற்பத்தைந்துக்கு உட்கார்ந்தாள். அவள் விசைப்பலகையில் இருந்தபோது மூன்றாவது மீட்பு திறந்தது. அதுவும் வேறு ஏதோ. கடிகாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறகு "டெம்ப் பழைய கிளை ஆட்கள்" என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நோயாளி எண், பெயர், போன், தேதி என்று பத்திகள் எல்லாம் இருந்தன. "இதேதான்! இதேதான் அக்கா!" என்று குதித்தார். மேலாளரும் தலையாட்டினார். ஐந்து மணிக்கு நான்காவது மீட்பு ஓடத் தொடங்கியது.

சல்லடை ஒருமுறை பாதியில் நின்றது. அகராதி ஓர் அடைப்புக்குறியைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். திரையில் எண்கள் ஏறின. இருநூறு. நானூறு. எழுநூறு. சிஸ்டர் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தனக்காக இந்த அறையில் யாராவது தண்ணீர் வைத்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. குடிக்க நேரமில்லை.

ஐந்து பன்னிரண்டுக்குப் பட்டியல் வந்தது. மீறல் குறைந்தது முதலில் வரும்படி அடுக்கினாள். மீறலே இல்லாதவை ஒன்பது. அவளுடைய குழுவே போட்ட நகல்கள். ஒரே ஒரு மீறல் உள்ளது ஒன்று.

அட்டவணையின் பெயர்: "டெம்ப் நாலாவது முறை".

பத்திகள் பதினொன்று. பத்தும் அவளே வைத்திருந்தால் எப்படி வைத்திருப்பாளோ அப்படி. கருவி வரிசை நம்பர். வைத்த டேட். உறவினர் நேம். தலையும் வாலும் அப்பழுக்கு இல்லாமல். பதினோராவது மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர்: "எப்படிச் சொல்லணும்".

இப்போது நினைவு வந்துவிட்டது. அவள் எழுதியதும் வார்த்தைக்கு வார்த்தை நினைவு வந்தது: "இதற்கு வகை இல்லை. நீக்கவும்."

"கடிகாரம்! ஓடுறத நிறுத்துங்க."

"என்னக்கா சொல்றீங்க? இன்னும் பதினஞ்சே நிமிஷம். அஞ்சரைக்குத் திறந்துடும்."

"அஞ்சரைக்குத் திறந்து, அது இல்லன்னா? அப்புறம் அரை மணி நேரம் சரியா ஆறு. ஆறுக்குத் தொட்டி காலி."

"இதுல எல்லாம் இருக்கே. பேர்லயே பழைய கிளைன்னு இருக்கு. நீங்க சொல்றதோட பேர் என்ன? நாலாவது முறை! அது எதுக்கு நாலாவது முறையோ யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "மூணு முறை நான் மாட்டேன்னு சொன்னேன்."

கடிகாரம் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் திரைக்கு அருகில் வந்து குனிந்து, கடைசிப் பத்தியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது அவர்தான்," என்றார். "போன மாசம் எங்கிட்ட கேட்டார், 'சிஸ்டர், நெஞ்சுல இருக்குறது நின்னுபோகலாம்னு போன்ல எப்படிச் சொல்லுவீங்க? கேக்குறப்பவே நின்னுடாதா?'ன்னு. நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல."

"நிறுத்துப்பா," என்றார் மேலாளர்.

நிறுத்துவதற்கே ஐந்து நிமிடம் ஆனது. ஐந்து பதினெட்டுக்குப் புதிய மீட்பு தொடங்கியது. அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. ஐந்து முப்பத்தைந்தில் பாதி தாண்டியது. ஐந்து நாற்பதில் நின்றது. கடிகாரம் நகத்தைக் கடித்தார். ஐந்து நாற்பத்தேழு வரை அது அசையவே இல்லை. அகராதி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் முதலில் பிடித்தது என்று இருவருக்கும் தெரியாது. பிறகு கோடு ஒரே தாவாகத் தாவி முடிவைத் தொட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

கடிகாரம் நாற்காலியில் சரிந்து, "பத்து வயசு கூடிடுச்சு எனக்கு," என்றார். "அதான் எப்பவும் லேட்டா ஓடுறீங்களே, சரியாயிடும்," என்றார் சிஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிளினிக்கில் ஆறு போன்கள் இருந்தன. பேச நான்கு பேர்தான் இருந்தார்கள். கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அகராதி இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். பதினைந்து வருடமாகக் கிடங்கில் வேலை செய்தும், கிடங்குக்குள் இருக்கும் ஒரு ஆளோடு அவள் பேசியதே இல்லை.

தன் பங்குக்கு வந்த தாளில் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படித்தாள்.

"மகளிடம் முதலில் சொல்லவும். அம்மா பயப்படுவார், மகள் பயப்பட மாட்டார்."

"கணவர் இறந்து மூன்று மாதம். அவரைப் பற்றிக் கேட்க வேண்டாம்."

"லாரி ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, நிறுத்திய பிறகு பேசவும்."

"இவருக்கு எல்லாம் தெரியும், தைரியசாலி. நேராகச் சொல்லலாம். கடைசியில் நன்றி சொன்னால் போதும்."

ஆறே முக்காலுக்கு அவளுடைய சொந்தப் போன் அடித்தது. அண்ணியின் எண், ஆனால் பேசியது அவர் இல்லை.

"அம்மா," என்றது மெல்லிய குரல். "கண்ணு கட்டியிருக்கு. வீட்டுல சொன்னாங்க. லிஸ்ட்டு...?"

"இருக்குண்ணே. கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம். அறுபது பேருக்கு மேல சொல்லியாச்சு. எல்லாரும் கிளம்புறாங்க."

அவர் விட்ட மூச்சு போன் வழியாகக் கேட்டது. பிறகு, "அந்த வால் இல்லாத ஒண்ணு... அத எடுக்காம விட்டதுக்கு மன்னிச்சுக்கணும்," என்றார்.

அகராதி தாளைக் கீழே வைத்தாள். "அண்ணே, அது இல்லாட்டி லிஸ்ட்டே கிடைச்சிருக்காது. மன்னிப்பு நான்தான் கேக்கணும். திங்கக்கிழமை நானே கீழ வந்து கேக்குறேன். பதினஞ்சாவது வால் ஒண்ணு போடணும். அதுக்கு நீங்கதான் பேர் வைக்கணும்."

"நானா?" என்றார். "எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா."

"புத்தகம் முழுக்க படிச்சது நீங்க ஒருத்தர்தான். இப்ப ரெஸ்ட் எடுங்க."

அடுத்த வரி. ஒரு முதியவர், தனியாக இருக்கிறார். கடைசிப் பத்தியில் நீளமாக எழுதியிருந்தது: "காது மந்தம். கத்த வேண்டாம், மெதுவாகத் திரும்பச் சொல்லவும். முதலில் நாயைப் பற்றிக் கேட்கவும்."

அகராதி எண்களை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தது. பதினோராவது மணிக்கு யாரோ எடுத்தார்கள்.

"யாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம்ங்க." மெதுவாகத் திரும்பச் சொன்னாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக முன்பின் தெரியாத ஒருவரிடம், "உங்க நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அவனா?" அந்தக் குரலுக்கு உடனே பத்து வயது குறைந்தது. "காலைச் சுத்திக்கிட்டே கிடக்கான். நான் பேசுறப்ப பொறாமை. நேத்து என் செருப்பத் தின்னுட்டான். ஒத்தச் செருப்பு. தின்னா ரெண்டையும் தின்னணும், இல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே, பேட்டரியை மாற்ற வேண்டும், இன்றே வர வேண்டும், வண்டி அனுப்புகிறோம் என்று நிதானமாகச் சொன்னாள். ஒருமுறை சொன்னாள், இன்னொருமுறையும் சொன்னாள். கிழவர் பயப்படவில்லை.

"வரலாம் தாயி. ஆனா இவன யார் பாத்துக்குவா? தனியா விட்டா அழுவானே. நாளைக்கு வரட்டுமா?"

நாளை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. தாளைப் பார்த்தாள். அந்தப் பத்தி அடுத்த வரியிலும் தொடர்ந்திருந்தது.

"நாய்க்காக வர மறுப்பார். எதிர் வீட்டு டீச்சரிடம் கேட்டாகிவிட்டது. எந்த நேரமானாலும் பார்த்துக்கொள்கிறேன் என்றார்." அதற்குப் பக்கத்தில் டீச்சரின் போன் எண்.

"எதிர் வீட்டு டீச்சர் பாத்துக்குவாங்கய்யா," என்றாள். "எல்லாம் முன்னாடியே கேட்டு வச்சிருக்கு."

"யாரு கேட்டது?"

"எங்க அண்ணன் ஒருத்தர்," என்றாள் அகராதி. "நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல இருங்க. நான் டீச்சரைக் கூப்பிடுறேன்."